பெரியம்மா கொத்தில் போட்ட கட்டிடம்

என் பெரியம்மாவுக்கு இரண்டு கையாலும் எழுத வரும். வலது கை வலித்தால் பேனா இடது கைக்குப் போய்விடும். எழுத்து மட்டும் அப்படியே இருக்கும். நகர மன்றத்தில் பதினைந்து உறுப்பினர்கள் உட்கார்ந்து பேசுவதை இருபத்திரண்டு வருடமாக எழுதி எழுதி வந்த வித்தை அது. அவளுடைய மேசை தலைவியின் மேடைக்குக் கீழே, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருந்தது. ஆனாலும் அவளை யாரும் பார்த்ததில்லை. இந்த வருடம் வரை அந்த மண்டபத்தில் அவள் வாயைத் திறந்ததே கிடையாது. திறக்கக் கூடாது என்பது விதி. திறக்க மாட்டாள் என்பது பிறவிக்குணம்.

பயந்தாங்கொள்ளி என்றால் சாதாரணப் பயந்தாங்கொள்ளி இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை தொட்டுப் பார்ப்பாள். தெருவில் நாய் படுத்திருந்தால் அதன் தூக்கம் கெடும் என்று எதிர்ப்பக்கம் போவாள். பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்க மாட்டாள்.

"பெரியம்மா, எமன் வந்தாக்கூட மனு எழுதிக் குடுத்து ரசீது வாங்கிட்டுத்தான் நீ கிளம்புவே" என்பேன்.

"வாயைக் கழுவு போ" என்பாள். எங்கள் சண்டை அதோடு முடிந்துவிடும்.

நான் அவள் தங்கை மகள். அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை. பள்ளிக்கூடமும் நானும் பத்தாம் வகுப்பில் மனமொத்துப் பிரிந்துவிட்டோம், இரண்டு தரப்புக்கும் வருத்தமில்லை. அன்றிலிருந்து பெரியம்மா வீட்டில் சாப்பாடு, மன்றக் கட்டிடத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை.

பெரியப்பா டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரி. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பக்கவாதம். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. "ம்" மட்டும் மிச்சம். அந்த ஒரு "ம்"மைப் பதினோரு விதமாகச் சொல்வார். ஏழு விதம் எனக்குப் புரியும், பெரியம்மாவுக்கு எல்லாமே புரியும். ஆள் ஆஜானுபாகு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா கடைக்குப் போயிருந்தபோது நான் தனியாக அவரை நாற்காலியிலிருந்து தூக்கப் பார்த்தேன். இரண்டு பேரும் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து, அவள் வரும்வரை அங்கேயே கிடந்தோம். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே அவரைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்றுதான், மன்றம் நடத்தும் பகல் இல்லம். யாரும் அதைப் பகல் இல்லம் என்று சொல்வதில்லை. வாசலில் மஞ்சள் கேட் இருப்பதால் மஞ்சள் கேட். காலை எட்டரைக்கு வேன் வந்து கூட்டிப்போகும். மாலை ஐந்தரைக்கு நாங்கள் போய்க் கூட்டிவர வேண்டும். இருபத்தாறு பேர். கம்பியைப் பிடித்து நடக்கச் சொல்லிக்கொடுப்பார்கள், சோறு ஊட்டுவார்கள், சண்டை போட்டால் விலக்கிவிடுவார்கள்.

போன வருடம் வர்ணம் அடிக்கிறோம் என்று நான்கு நாள் மூடினார்கள். இரண்டு நாள் பெரியம்மா லீவு போட்டாள். மூன்றாவது நாள் மன்றக் கூட்டம், லீவு கிடையாது. எனக்கும் கடையில் விடவில்லை. பக்கத்தில் தண்ணீர், ரொட்டி, ரேடியோ எல்லாம் வைத்துவிட்டு வெளியே பூட்டிக்கொண்டு போனாள். மாலையில் நாங்கள் திரும்பியபோது மாடிப்படியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுக்காரர், "டேங்கை நிரப்பி வழிய விடறீங்களே, உங்களுக்குக் கண்ணு இல்லையா" என்று திட்டினார். பெரியப்பா குளியலறையில் விழுந்து, விழுகிறபோது குழாயைத் திருகி, மதியத்திலிருந்து தண்ணீரில் கிடந்திருக்கிறார். கூப்பிட அவருக்குக் குரல் இல்லை. பெரியம்மா அழவில்லை. அவரை உலர்த்திப் படுக்கவைத்துவிட்டுத் தரையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள். அதற்குப் பிறகு வெளியே பூட்டும்போதெல்லாம் மறுபடி திறந்து உள்ளே ஒரு தடவை பார்ப்பாள். யாரும் உள்ளே இல்லாவிட்டாலும் பார்ப்பாள்.

இனி மன்றத்தின் வழக்கத்தைச் சொன்னால்தான் நடந்தது புரியும். அது மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை கூடும். பெரிய விஷயங்களைத் தனித்தனியாக எடுத்துப் பேசுவார்கள், கத்துவார்கள், ஒவ்வொருவராக வாக்கைச் சொல்வார்கள். சின்ன விஷயங்களை ஒரே பட்டியலில் போட்டு, எண்ணை மட்டும் வாசித்து, "ஆட்சேபணை இல்லை, நிறைவேறியது" என்று மணி அடித்துவிடுவார்கள். அந்தப் பட்டியலுக்கு அலுவலகத்தில் பெயர் கொத்து. குழாய் பழுது, விளக்குக் கம்பம், வாடகை நீட்டிப்பு எல்லாம் கொத்தில் போகும். கொத்தில் போனது மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். எது கொத்து, எது தனி என்று பிரித்தவள் பெரியம்மா. திங்கட்கிழமை பலகையில் ஒட்டிவிட்டால் அதற்கப்புறம் மாற்ற முடியாது.

கொத்திலிருந்து ஒன்றை வெளியே எடுக்க எனக்குத் தெரிந்து இரண்டே வழி. ஒரு உறுப்பினர் எழுந்து தனியாக எடுக்கச் சொல்லலாம். இல்லையென்றால் ஊர்க்காரர் யாராவது முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குள், படிக்கட்டடியில் இருக்கும் தகரப்பெட்டியில் பேச்சுச்சீட்டு போடலாம். போட்டவருக்கு மூன்று நிமிடம்.

அந்தச் சீட்டின் மகிமை எனக்கு எப்படித் தெரியும் என்றால், இரண்டு வருடத்துக்கு முன்னால் நானே ஒன்று போட்டேன். மூன்றாம் சந்தில் புது விளக்குக் கம்பம் வைப்பது பற்றிப் பேச விரும்புகிறேன், இப்படிக்குக் கறுப்பன். மண்டபத்தில் "திரு கறுப்பன், திரு கறுப்பன், திரு கறுப்பன்" என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. 'அழைக்கப்பட்டார், வரவில்லை' என்று பெரியம்மா எழுதினாள். ஒரு வாரம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது, கறுப்பன் மூன்றாம் சந்தின் நாய் என்று. அவள் என்னோடு நான்கு நாள் பேசவில்லை. மன்றச் செயலாளர் உடனே விதியைத் திருத்திவிட்டார். சீட்டுக்கு எண், அடிக்கட்டை, கூடவே அடையாள அட்டை நகல்.

இந்த வருடம் நிதிக்குழு எல்லாப் பிரிவுகளுக்கும் ஓலை அனுப்பியது: ஆளாளுக்கு ஏதாவது குறைத்துக்காட்டுங்கள். கட்டிடப் பிரிவு குறைத்துக்காட்டியது.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை பெரியப்பாவைக் கூட்டிவரப் போனோம். மஞ்சள் கேட்டில் அவரைக் கவனித்துக்கொள்ளும் அக்கா செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்:

"இன்னிக்கு ரெண்டு பேரு டேப்பு வெச்சு முன்பக்கம் பூரா அளந்தாங்கம்மா. தரையில கோடுகூடப் போட்டிருக்காங்க, பாருங்க. கார் நிறுத்தறதுக்காம்."

"யாரு அனுப்பினாங்க?" என்றாள் பெரியம்மா.

"கட்டிடப் பிரிவுன்னாங்க. முப்பத்தொண்ணு வியாழக்கிழமை முடிஞ்சுடும், அடுத்த வாரம் இடிக்கலாம்னு பேசிக்கிட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

பெரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்ததை நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து பையிலிருந்து பட்டியலை எடுத்து விரலை வைத்துப் படித்தாள். கொத்தில் ஒன்பதாவது: 'கட்டிடம் எண் 31. பயன்பாட்டு மாற்றம். வாகன நிறுத்தக் குத்தகைக்கு அனுமதி.'

"இது மஞ்சள் கேட்டா?" என்றேன்.

"ஆமா."

"உனக்குத் தெரியாதா?"

"கட்டிடப் பிரிவுலேருந்து வந்துது. அவங்க எல்லாத்துக்கும் நம்பர்தான் எழுதுவாங்க. நான் பிரிவைப் பார்த்தேன், கொத்துல போட்டேன். எப்பவும் அப்படித்தான் போடுவேன்." பட்டியலை மடித்துக்கொண்டே, "நானே போட்டேன்டி" என்றாள்.

பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ம்?" என்றார். எனக்குப் புரிந்த ஏழில் அது ஒன்று. என்ன ஆச்சு என்று கேட்கிறார். பெரியம்மா அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினாள், திரும்பப் போட்டாள், மறுபடி கழற்றினாள்.

மறுநாள் புதன்கிழமை. எங்கள் வட்டத்து உறுப்பினர் ஏதோ நகல் எடுக்க எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். கனத்த ஆள், நல்லவர், எப்போதும் அவசரம். எதிர்ப்பக்கத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டு பெரியம்மா தெருவைக் கடந்து வந்தாள். பச்சை விளக்குக்குக்கூட காத்திருக்கவில்லை.

"சார், நாளைக்கு ஒன்பதாவது..."

"என்னம்மா அது?"

"கட்டிடம் முப்பத்தொண்ணு சார். அதைத் தனியா எடுக்கச் சொல்ல முடியுமா?"

"கொத்துல இருக்கா?"

"ஆமா சார்."

"அப்ப சின்ன விஷயம்தானேம்மா. நீங்கதானே பட்டியல் போட்டீங்க. நீங்க போட்டா நான் படிக்கறதே இல்லை, அவ்வளவு நம்பிக்கை." நகல்களை அடுக்கி எடுத்துக்கொண்டார். "நாளைக்கு ஒரு மணிக்குள்ள முடிக்கணும்னு தலைவி மேடம் வேற சொல்லியிருக்காங்க. பார்ப்போம்."

பார்ப்போம் என்றால் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம். அது எல்லோருக்கும் தெரியும். பெரியம்மா அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீயே எழுந்து சொல்லேன்" என்றேன்.

"பைத்தியமா? ஊழியர் பேசினா வேலை போயிடும். வேலை போனா சோத்துக்கு என்ன பண்றது? வேலை இருந்தா அவரை எங்க வைக்கறது?" அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிரே பூட்டியிருந்த ஒரு கடையின் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் போனதும் நான் தகரப்பெட்டியின் பக்கத்தில் இருக்கும் சீட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு பேச்சுச்சீட்டைக் கிழித்து வந்தேன். பெரியப்பாவின் அட்டை நகல் கடைக் கணினியில் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மஞ்சள் கேட்டுக்கு ஓடினேன். அவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். விளையாட்டாக ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க வந்து சும்மா உட்கார்ந்தா போதும் பெரியப்பா. கொத்துலேருந்து அது வெளியே வந்துடும்" என்றேன். அவர் நிறைய நேரம் சீட்டையே பார்த்தார். அக்காவின் ஸ்டாம்ப் பேடு காய்ந்து கிடந்தது, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டோம். இடது பெருவிரலை அவரே அழுத்தி அவரே வைத்தார். டைல்ஸ் வைக்கிறவர் கை. கோணலே இல்லை.

நாலரைக்குச் சீட்டைப் பெட்டியில் போட்டேன். ஐந்து மணிக்கு அந்தப் பெட்டியைத் திறப்பது யார் என்று யோசித்தபோது ஐந்து மணி ஆகிவிட்டிருந்தது.

அன்று பெரியப்பாவைக் கூட்டிவந்து படுக்கவைக்கும்வரை அவள் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்:

"உன் கையெழுத்தை எனக்குத் தெரியாதா?"

"கிழிச்சிருக்கலாமே."

"எப்படிக் கிழிக்கறது? அடிக்கட்டையில நம்பர் இருக்கு. நீ நாய்க்குச் சீட்டு போட்ட புண்ணியம்." அணைத்த அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். "பதிவேட்டுல ஏத்தினேன். செயலாளர் பக்கத்துலயே நின்னார். இது உங்க வீட்டு விலாசமாச்சேன்னார். ஆமான்னேன். நாளைக்கு எழுதற வேலையை மட்டும் பாருங்கன்னார். அவ்வளவுதான் சொன்னார். ஆனா எப்படிச் சொன்னார் தெரியுமா?"

தெரியும். சத்தம் போடாமல் சொல்லியிருப்பார். அது இன்னும் மோசம்.

"நான் தூண்டிவிட்டேன்னுதான் நினைப்பாங்க. வேலையும் போகும், மஞ்சள் கேட்டும் போகும். ரெண்டும் ஒரே நாள்ல." கதவைத் திறந்துகொண்டே, "அவருக்கு நாளைக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிடு. நீலத்துல காலர் கிழிஞ்சிருக்கு" என்றாள்.

வியாழக்கிழமை நானும் பெரியப்பாவும் சீக்கிரமே போய்விட்டோம். லிப்டில் அவர் என் தோளைப் பிடித்திருந்தார். பிடி இறுகிக்கொண்டே போயிற்று. மண்டபத்தில் பொதுமக்கள் பெஞ்சில் எங்களைத் தவிர நான்கு பேர்தான், அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். பெரியம்மா தன் மேசையில் மூன்று பேனாவை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

தலைவிக்கு நான் வைத்த பெயர் பெல் மேடம். யாராவது இரண்டு வாக்கியம் கூடுதலாகப் பேசினால் டிங் என்று ஒரு தட்டு. கெட்டவர் இல்லை. நேரத்தைச் சொந்தச் சொத்துபோலக் காப்பவர்.

"கொத்துல ஒன்பதுக்கு ஒரு பேச்சுச்சீட்டு இருக்கு" என்றார். பெரியப்பாவின் பெயரை முதல் தடவை கூப்பிட்டார்கள். இரண்டாம் தடவை கூப்பிடுவதற்குள் நான் அவரை எழுப்பிவிட்டேன். பெஞ்சிலிருந்து மைக் வரை பதினெட்டு அடி இருக்கும். மூன்றாம் தடவையும் கூப்பிட்டு முடித்தபோதுதான் போய்ச் சேர்ந்தோம்.

"நீங்க யாரும்மா?" என்றார் பெல் மேடம் என்னிடம்.

"அவர் பொண்ணு மாதிரி மேடம். அவருக்குப் பேச்சு வராது. நான் சொல்லலாமா?"

செயலாளர் குனிந்து ஏதோ சொன்னார். "சீட்டு குடுத்தவங்கதான் பேசலாம்" என்றார் பெல் மேடம். "நேரம் ஆரம்பிக்குது."

சுவரில் சிவப்பு எண்கள் ஓட ஆரம்பித்தன. இரண்டு ஐம்பத்தொன்பது, இரண்டு ஐம்பத்தெட்டு.

பெரியப்பா மைக்கைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை, அந்த "ம்"கூட வரவில்லை. பதினைந்து பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருவர் கைப்பேசியைப் பார்த்தார், ஒருவர் கூரையைப் பார்த்தார். சும்மா உட்கார்ந்தால் போதும் என்று அவரிடம் சொன்ன என் வாயில் மண்ணள்ளிப் போட வேண்டும் என்று தோன்றியது. எத்தனையோ பேரைக் கேலிசெய்து சிரித்திருக்கிறேன். ஒரு மனிதரை நடுச்சபையில் இப்படி நிறுத்தியது இல்லை.

ஒன்று நாற்பது. அவர் தலை குனிந்தது. அழுகிறாரோ என்று பயந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைத்தடியைத் தூக்கி ஒரு டைல்ஸைத் தட்டினார். டொக். பக்கத்தில் இன்னொன்று. டொக். பயத்தில் கை தானாகத் தொழிலுக்குப் போய்விட்டது. நான்காவது டைல்ஸ் டொப் என்றது, அடியில் கலவை பிடிக்காமல் வெற்றாக இருக்கிற சத்தம். அதை மறுபடி தட்டினார். ஒரு உறுப்பினர் சிரித்தார், இன்னொருவர் "இது போன வருஷம்தானே போட்டது" என்றார். டிங் என்று மணி விழுந்தது. மிச்ச நேரம் தட்டும் சத்தமும் இல்லாமல் ஓடிப்போயிற்று.

"நேரம் முடிஞ்சுது" என்றார் பெல் மேடம். "பேச்சு இல்லைன்னு பதிவு பண்ணுங்க. ஒன்பதைத் திரும்பக் கொத்துலயே சேர்த்துடலாம்."

முடிந்தது என்று நினைத்தேன். பெரியப்பாவின் முழங்கையைப் பிடித்துத் திருப்பினேன்.

"மேடம்."

யார் கூப்பிட்டது என்று எல்லோரும் தேடினார்கள். பெரியம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மேசையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், மேசையே ஆடியது.

"உட்காருங்கம்மா" என்றார் செயலாளர்.

"அது கொத்துல வரக் கூடாது மேடம். பட்டியல்ல பிழை இருந்தா பட்டியல் போட்டவங்க சொல்லலாம்னு விதி இருக்கு. நான்தான் போட்டேன்."

"என்ன பிழை?" என்றார் பெல் மேடம்.

"ஆளுங்க இருக்கற கட்டிடம் அது. தினமும் இருபத்தாறு பேர் வராங்க. ஆளுங்களைப் பாதிக்கறதைத் தனியா வைக்கணும், அவங்க வீட்டுக்கெல்லாம் தகவல் சொல்லணும். நான் நம்பரைப் பார்த்துட்டு போட்டுட்டேன்."

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்காரர்."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. செயலாளர் கோப்பை மூடிவிட்டு நிமிர்ந்தார். பெல் மேடம் மணியில் கை வைத்தார், ஆனால் அடிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். இவர் அங்க போறவரா இல்லாட்டா, இந்தப் பிழையை எங்ககிட்ட சொல்லியிருப்பீங்களா?"

பொய் சொல்லு பெரியம்மா என்று மனதுக்குள் கத்தினேன். ஒரே ஒரு பொய். என்னிடம் கேட்டால் ஒன்பது தருவேன்.

"கவனிச்சே இருக்க மாட்டேன் மேடம்" என்றாள். "இதுக்கு முன்னாடி இப்படி எத்தனை போட்டிருக்கேன்னும் எனக்குத் தெரியல."

அப்படியே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் பேனாவை எடுத்துத் தான் சொன்னதைத் தானே எழுதினாள். வலது கை எழுதவில்லை. இடது கைக்கு மாற்றினாள்.

பிழை என்று பதிவானதைக் கொத்தில் வைக்க முடியாது. ஒன்பதாவதைத் தனி விஷயமாக அடுத்த மாதத்துக்குத் தள்ளினார்கள். திங்கட்கிழமை பெரியம்மாவுக்கு மெமோ வந்தது. கவனக்குறைவு, நடைமுறை மீறல். வேலையை எடுக்கவில்லை, மண்டபத்திலிருந்து எடுத்துப் பழைய ஆவண அறைக்குப் போட்டார்கள்.

அந்த நான்கு வாரம் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட இல்லை. பெரியம்மா ஒரு கிலோ அரிசியை வைத்துக்கொண்டு கல் பொறுக்கிக்கொண்டே இருப்பாள். கடை அரிசி, அதில் கல்லே கிடையாது. கார் கோடுகள் மஞ்சள் கேட்டின் முன்னால் அப்படியே இருந்தன. பெரியப்பா தினமும் அதைத் தாண்டி நடக்கும்போது காலை உயரமாகத் தூக்கி வைப்பார், தடுக்கிவிடும் என்பதுபோல.

வாக்கெடுப்பு நாளில் பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. இருபத்தாறு வீட்டுக்கும் தகவல் போயிருந்தது. பெரியம்மா முதல் தடவையாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள், என் பக்கத்தில். அவள் மேசையில் வேறு ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தாள்.

"கடைத்தெருவுல கார் நிறுத்த இடம் இல்லை. குத்தகைப் பணம் வந்தா விளக்கு மாத்தலாம்" என்றார் ஒரு உறுப்பினர். "இருபத்தாறு பேரைக் கூட்டிட்டு நான் உங்க வீட்டுக்கு வரட்டுமா?" என்று கேட்டார் இன்னொருவர். "உணர்ச்சிவசப்பட்டா ஆச்சா, எங்கேருந்து குறைக்கறதுன்னு சொல்லுங்க" என்றார் முதலாமவர். "மூணு சந்து விளக்கை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார்கள். அந்த மூன்றில் எங்கள் சந்தும் ஒன்று.

பிறகு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வாக்குக் கேட்டார்கள். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு முன்பக்கமே வெறித்தாள். எங்கள் வட்டத்து உறுப்பினர் எழுந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இல்லம் இருக்கட்டும்" என்றார். கடைசி வாக்கு பெல் மேடத்துடையது. அதுவரை ஏழுக்கு ஏழு.

"ஒரு வருஷம் இருக்கட்டும். அடுத்த பட்ஜெட்டுல மறுபடி பார்ப்போம்" என்றார். டிங்.

பின்னால் யாரோ அழுதார்கள், யாரோ கை தட்டி அதட்டல் வாங்கினார்கள். பெரியம்மா என் கையை உலுக்கினாள்.

"என்ன சொன்னாங்க?"

"கேக்கலையா உனக்கு?"

"எழுதாமக் கேட்டா ஒண்ணுமே ஏற மாட்டேங்குது. என்னடி சொன்னாங்க, சொல்லு."

"ஒரு வருஷம் இருக்கு பெரியம்மா."

"ஒரு வருஷம்தானா" என்றாள்.

ஆவண அறையில் இருபத்திரண்டு வருடத்துக் கொத்துகளும் கட்டுக் கட்டாக இருக்கின்றன. எல்லாம் அவள் பிரித்தவை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு கட்டை எடுத்து, கட்டிட எண்களை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்கிறாள். யாரும் சொல்லவில்லை. வேண்டாம், இனிமே என்ன பண்ண முடியும் என்றேன். காதில் வாங்கவில்லை. ஒரு நாள் மாலை மஞ்சள் கேட்டிலிருந்து பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வரும்போது கேட்டாள்:

"கட்டிடம் பதினெட்டு எங்க இருக்கு தெரியுமா? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி கொத்துல போயிருக்கு. நாலாவது."

விலாசத்தைக் கண்டுபிடித்திருந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான். பெரியப்பாவின் வேகத்தில் போய்ச் சேர அரைமணி ஆயிற்று. அங்கே இப்போது பூட்டு, கீல், தாழ்ப்பாள் விற்கும் கடை இருக்கிறது. பெரியம்மா வாசலில் நின்றாள், உள்ளே போகவில்லை. கடைக்காரர்தான் வெளியே வந்தார்.

"என்ன வேணும்மா?"

"இந்த இடத்துல முன்னாடி என்ன இருந்துது?"

"தெரியலையேம்மா. நான் வந்தே ஒன்பது வருஷம்தான் ஆகுது. ஏன், யாரையாவது தேடறீங்களா?"

பெரியம்மா தாளைப் பார்த்தாள். "ஆமா" என்றாள். "யாருன்னுதான் தெரியல."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். வழக்கமாக அந்த மாதிரி இடத்தில் நான் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பேன். பக்கத்து மருந்துக்கடையில் கொஞ்சம் வயதான ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் போய் அவரிடம் கேட்டேன்.